கேட்போரும் களனும்

பொது இடங்களில் கைபேசிப் பேச்சைக் குறித்து ஆலத்தியூரில் ஆற்றிய சொற்பொழிவு



இன்று எந்த விஷயத்தைப் பற்றியும் பேசலாம் என்று உங்கள் ஊர் அன்பர்கள் எனக்கு உரிமை கொடுத்திருந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பங்களைப் பற்றியோ, ஒரு காலத்தில் கடலடியாய்க் கிடந்து இன்று சுண்ணாம்புக் கல்லாய் உங்கள் ஆலைகளுக்கு உணவாகிக்கொண்டிருக்கும் இப்பூமியின் புராதன சரித்திரத்தைப் பற்றியோ பேசுவது சபை சம்பிரதாயத்துக்கு ஒத்ததாக இருந்திருக்கும்; அதற்கான குறிப்புகளும் என் பையில் இருந்தன. ஆயினும், இன்று பிற்பகல் அரியலூரில் பஸ் ஏறி இங்கே வந்து சேர்வதற்குள் நான் கண்ணால் கண்டும் காதால் கேட்டும் வந்த ஒரு நிகழ்ச்சி அந்தக் குறிப்புகளை எல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதைச் சொல்லாமல் வேறொன்றைச் சொல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் நின்றவர்களே பலர். எனக்கு இரண்டு வரிசை முன்னால், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வைத்த துணிப்பையை மடியில் அணைத்தபடி நடுவயதுடைய ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். அவருடைய கைபேசி ஒலித்தது. "தம்பி, கேக்குதாடா? இப்ப கேக்குதா?" என்று தொடங்கினார். மறுமுனையில் இருந்த தம்பி ஏதோ இரைச்சலான இடத்தில் நின்றிருக்க வேண்டும். ஆகையால் ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் இரண்டு முறை சொல்ல நேர்ந்தது, இரண்டாம் முறை முதல் முறையினும் உரக்க. டாக்டர் என்ன சொன்னார், உடம்பில் எந்த இடத்தில் என்ன கண்டிருக்கிறது, அறுவைச் சிகிச்சைக்கு எத்தனை ஆயிரம் ஆகும், அதற்காக எந்த நகையை வைப்பது என்பவை எல்லாம் முன்படி முதல் பின் ஆசனம் வரையில் தெளிவாகக் கேட்டன. "மாமாவுக்கு இன்னும் தெரியாதுடா, நீ பாட்டுக்கு வாய விட்றாத" என்று அவர் தம்பியை எச்சரித்தபோது, கணவர் ஒருவருக்குத் தெரியக்கூடாதென்று அவர் காத்த ரகசியம் ஐம்பது அந்நியருக்குத் தெரிந்துபோயிருந்தது. பேச்சு முடிந்து, கைபேசியைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் தம்மை நோக்கித் திரும்பியிருந்த முகங்களை அவர் கண்டார். உடனே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பியவர், தம் ஊர் வந்து இறங்கும் வரையில் தலையைத் திருப்பவே இல்லை.

பொது இடத்தில் உரக்கப் பேசுகிறவர்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், அவர்களை நாகரிகம் அறியாதவர்கள் என்று வைது முடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. அந்த அம்மையாரை நான் வைய முடியுமா? அவருடைய உரத்த குரலால் மற்றவர்கள் இழந்தது அரைமணி நேர அமைதி. அவர் இழந்ததோ தம் அந்தரங்கம். இவ்விரண்டு நஷ்டங்களில் பின்னதே பெரிது என்பதும், அந்தப் பின்னதைப் பற்றித்தான் நாம் போதிய அளவு கவலைப்படவில்லை என்பதும் என்னுடைய அபிப்பிராயம். இன்று நான் பேசப்போவது அதைப் பற்றியே.

தொல்காப்பியர் செய்யுளுக்கு உறுப்புகள் 34 என்று வகுத்தபோது, யார் சொல்கிறார் என்னும் கூற்றோடு நின்றுவிடாமல், யார் கேட்கிறார், எந்த இடத்தில் நிகழ்கிறது, எந்தக் காலத்தைச் சார்ந்தது என்பவற்றையும் கேட்போர், களன், காலம் என்று வெவ்வேறு உறுப்புகளாக எண்ணி வைத்தார். சொல் என்பது சொல்பவனுடைய வாயோடு முடிந்துவிடும் பொருள் அன்று. அது விழுகிற செவியும், அந்தச் செவி இருக்கிற இடமும் சேர்ந்தே அதற்குப் பொருள் தருகின்றன என்ற நுட்பத்தை நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதி வைத்திருந்தார்கள். அகத்துறையில் 'சிறைப்புறம்' என்றொரு வழக்கு உண்டு. தோழி தலைவியைப் பார்த்துப் பேசுவாள். ஆனால் வேலிக்கு அப்பால் தலைவன் வந்து நிற்கிறான் என்பதை அறிந்து, அவன் காதில் விழவேண்டும் என்றே பேசுவாள். ஒட்டுக் கேட்பதைக்கூட ஒரு கலையாக்கி, அதற்கும் ஓர் ஒழுங்கு வைத்த இலக்கியம் நம்முடையது. அந்த வழக்கின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், வேலிக்கு அப்பால் யார் நிற்கிறார் என்பது சொல்பவளுக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது. பஸ்ஸிலே பேசிய அம்மையாருக்கு அது தெரியவில்லை. அவருக்குக் கேட்போர் ஒருவரே, அவர் தம்பி. களனும் தம்பி நின்றுகொண்டிருந்த அந்தத் தூரத்து இடமே. தாம் உட்கார்ந்திருந்த பஸ் அவருடைய பிரக்ஞையிலிருந்தே நழுவிப் போயிருந்தது.

அகப்பாட்டில் தலைவியை வருத்துவது அலர். ஊரார் முதலில் தமக்குள் குசுகுசுவென்று பேசுவது அம்பல். அது வெளிப்படையாக விரிந்து பரவிவிட்டால் அலர். அவ்வலருக்கு அஞ்சியே தலைவியும் தோழியும் குரலைத் தாழ்த்தினார்கள். மறைவான இடத்தைத் தேடினார்கள். இன்றோ அலரைத் தூற்ற ஊரார் வேண்டியதில்லை; நம் கடனையும் நம் பெண்ணின் கல்யாணப் பேச்சையும் பங்காளிச் சண்டையையும் நாமே நம் வாயால் பஸ் நிலையத்தில் பரப்பிவிடுகிறோம்.

இந்த உரத்த குரல் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சிறிது விசாரிக்க வேண்டும். வானம் பார்த்த இந்தச் சீமையில் பருத்திக் காட்டுக்கும் முந்திரிக் காட்டுக்கும் நடுவே ஆளை ஆள் அழைப்பதற்குக் குரலைத் தவிர வேறு சாதனம் இருந்ததில்லை. 'கூப்பிடு தூரம்' என்று தூரத்தையே குரலால் அளந்த ஜனங்கள் நாம். மேட்டுக்காட்டில் நிற்பவருக்குக் கஞ்சி வந்துவிட்டது என்று தெரிவிக்க, வரப்பில் நின்று குரல் கொடுத்தவளுடைய பேத்திதான் இன்று கைபேசியில் பேசுகிறாள். எதிரில் இருப்பவரோடு ஒரு குரல், எட்ட இருப்பவரோடு ஒரு குரல் என்பது தலைமுறை தலைமுறையாக உடம்பில் ஊறிய பழக்கம். துபாயில் இருக்கும் மகன் காதுக்கு அருகே வந்துவிட்டான் என்பதை அறிவு ஒப்புக்கொண்டாலும், தொண்டை ஒப்புக்கொள்ளுவதில்லை. அது காட்டுக்கு அப்பால் நிற்பவனைக் கூப்பிடுவது போலவே கூப்பிடுகிறது. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. பழக்கத்தின் காரணம் தெரிந்தால் அதை மாற்றுவதும் எளிதாகும் என்பதற்காகவே சொல்லுகிறேன்.

தொலைபேசி நம் நாட்டுக்குப் புதிது அன்று. கிரகாம் பெல் 1876-இல் அதற்கு உரிமை பெற்ற ஆறே ஆண்டுகளில், 1882 ஜனவரியில், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆனால் இதுபோன்ற உள்நாட்டு ஊர்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. நெடுந்தூரம் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுத் தபால் ஆபீஸ் திண்ணையில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டும்; தொடர்பு கிடைத்தால் கம்பியின் இரைச்சலுக்கு மேலே கத்தத்தான் வேண்டும். 1960-இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே முதன்முதலாக வந்த நேரடித் தொடர்பு, எண்பதுகளின் பிற்பகுதியில் எஸ்.டி.டி. பூத் என்னும் வடிவத்தில் நம் கடைவீதிகளுக்கும் வந்தது. அந்த பூத்தை நான் இன்றும் மரியாதையோடு நினைக்கிறேன். மஞ்சள் பலகை, சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர், ஒருவர் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு, அந்தக் கூண்டுக்கு ஒரு கதவு. உள்ளே போனதும் அவர் அந்தக் கதவை இழுத்துச் சாத்திக்கொள்ளுவார். வெளியே வரிசையில் நிற்பவர் அவருடைய வாயசைவைப் பார்ப்பாரே தவிர, வார்த்தையைக் கேட்கமாட்டார். அழுகிறவர் உள்ளேயே அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து காசு கொடுப்பார். பேச்சுக்கு ஒரு களன் வேண்டும் என்பதை அந்தக் காலம் மரப்பலகையாலும் கண்ணாடியாலும் செய்து வைத்திருந்தது. இன்று அந்தக் கூண்டுகள் பல, தட்டுமுட்டுச் சாமான் போடும் இடமாகிவிட்டன.

கதவைப் போலவே காசும் நமக்கு ஒரு கட்டுப்பாடாக இருந்தது. தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம். ஆகையால் பிறப்பையும் இறப்பையும்கூட நாலைந்து சொற்களுக்குள் அடக்கினோம். 2013 ஜூலையில் அந்தத் தந்திச் சேவையும் நின்றது. 1995 ஜூலை 31-ஆம் தேதி, மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல். அந்நாளில் கைபேசி நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய் வரையில் விழுங்கிற்று. அழைத்தவருக்கு மட்டுமன்றி எடுத்தவருக்கும் கட்டணம் உண்டு. 2003-இல் வரும் அழைப்புக்குக் கட்டணம் இல்லை என்று ஆன பிறகும், சாமானிய ஜனங்கள் மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளினார்கள். இப்பொழுது மாதம் ஒரு தொகையைக் கட்டிவிட்டால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். கதவும் போயிற்று, காசும் தடையில்லை. எஞ்சியிருப்பது அவரவர் மனத்தில் உள்ள பண்பு ஒன்றே. அதற்கு இவ்வளவு பெரிய சுமையை இதற்கு முன் நாம் கொடுத்ததில்லை.

உரக்கப் பேசுவதால் மறுமுனைக்கு நன்றாகக் கேட்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி என்பதையும் பார்ப்போம். பழைய தொலைபேசியில், பேசுகிறவருடைய குரலில் ஒரு சிறு பகுதி அவருடைய காதுக்கே திரும்பி வரும்படி அமைத்திருந்தார்கள். உரக்கப் பேசினால் தம் காதே தமக்கு உறுத்தும். தாமாகவே குரலைத் தணித்துக்கொள்வார்கள். பல கைபேசிகளில் அந்த எதிர்க்குரல் மிகக் குறைவு. தன் குரல் தனக்குத் திரும்பி வராதவன், அது போய்ச் சேரவில்லையோ என்று மேலும் உயர்த்துகிறான். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. சுற்றிலும் இரைச்சல் இருக்குமானால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் கண்டு சொன்னார். பஸ் என்ஜின் உறுமுகிறது, டிரைவர் பாட்டுப் போட்டிருக்கிறார், எதிரே சுண்ணாம்புக்கல் லாரி ஹாரன் அடிக்கிறது. தொண்டை தானாகவே அவற்றோடு போட்டியிடுகிறது. ஆலைகளில் கிரஷர் அருகிலும் மில் அருகிலும் நின்று வேலை செய்கிற நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது தொழிற்சாலைகளுக்குச் சட்டம் வகுத்த எல்லை. கையெட்டும் தூரத்தில் இருவர் இயல்பாகப் பேசிக்கொள்ளும் குரல் ஏறக்குறைய 60 டெசிபெல். ஆலையின் இரைச்சலில் ஒரு ஷிப்டு முழுவதும் கத்திப் பேசிவிட்டு வெளியே வருகிறவருடைய குரல், வீட்டுக்கு வந்ததும் உடனே தணிந்துவிடாது. காதும் நாளடைவில் மந்தப்படும். இந்த ஊரில் உரக்கப் பேசுகிற ஒரு பெரியவரைக் காணும்போது, அவர் எத்தனை வருஷம் எந்த இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார் என்பதை விசாரித்துவிட்டுப் பிறகு அவரைக் குறை சொல்ல வேண்டும்.

'டவர் இல்லை' என்று சொல்லிக்கொண்டே நாம் குரலை உயர்த்துகிறோமே, அதற்கு மட்டும் ஒரு நியாயமும் இல்லை. நம் குரல் எண்களாக மாற்றப்பட்டு வானொலி அலையின் மேல் ஏறிச் செல்கிறது. அந்த அலையின் வலிமை நம் தொண்டையின் வலிமையைப் பொறுத்ததன்று. அலை வலுவிழந்த இடத்தில் எவ்வளவு கத்தினாலும் சொல் அறுந்து அறுந்துதான் போகும். அலை வலுவாக உள்ள இடத்தில் வாயருகே கருவியை வைத்துத் தாழ்ந்த குரலில் பேசினாலும் ஒரு சொல்லும் சிந்தாது. இன்றைய கைபேசிகள் பலவற்றில், சுற்றுப்புற இரைச்சலைப் பிரித்தெடுத்துக் கழித்துவிட்டுப் பேசுபவரின் குரலை மட்டும் அனுப்புவதற்காகவே இன்னொரு ஒலிவாங்கியும் வைத்திருக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால், பெரும்பாலும் அவர் நிற்கும் இடத்தில் இரைச்சல் அதிகம். நாம் கத்துவதைவிட அவர் ஒதுங்கி நிற்பதே அதற்குப் பரிகாரம்.

இனி, கேட்க நேர்ந்தவர்களுடைய துன்பத்துக்கு வருகிறேன். பஸ்ஸில் இருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தால் நமக்கு அவ்வளவாகத் தொந்தரவு தோன்றுவதில்லை. ஒருவர் கைபேசியில் பேசினால் மட்டும் நம்முடைய புத்தகத்திலோ தூக்கத்திலோ மனம் நிற்பதில்லை. இது நம்முடைய மனக்குறையா என்று நானும் பல நாள் யோசித்திருக்கிறேன். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தார் 2004-இல் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். ரயிலிலும் பஸ் நிலையத்திலும் ஒரே சம்பாஷணையை ஒரு முறை இருவர் நேருக்கு நேர் பேசும்படியும், ஒரு முறை ஒருவர் கைபேசியில் பேசும்படியும் செய்து, சுற்றியிருந்தவர்களைக் கேட்டபோது, கைபேசிப் பேச்சே அதிகம் உறுத்துகிறது என்று அவர்கள் சொன்னார்கள். 2010-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சன் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கவனத்தைக் குவித்துச் செய்யவேண்டிய வேலை ஒன்றைச் சிலருக்குக் கொடுத்து, முழு உரையாடல், தனியொருவர் பேச்சு, ஒரு பக்கம் மட்டும் கேட்கும் அரைச் சம்பாஷணை ஆகியவற்றை அவர்கள் காதில் விழச் செய்தபோது, அந்த அரைச் சம்பாஷணைதான் வேலையைக் கெடுத்தது.

காரணம் யோசித்தால் விளங்கும். "ஆமா... அப்படியா... எப்ப?... அய்யய்யோ!" என்று ஒரு பக்கம் மட்டும் காதில் விழும்போது, விழாத மறுபக்கத்தை இட்டு நிரப்பிக்கொள்ள நம் மனம் தானாகவே முயலுகிறது. அடுத்த சொல் எப்போது வரும், என்னவாக வரும் என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. இது மனத்தின் சுபாவம். 'நீ கேட்காமல் இரு' என்று சொன்னால் அதனால் இருக்க முடியாது. கண்ணுக்கு இமை கொடுத்த இயற்கை காதுக்கு ஒரு மூடியைக் கொடுக்கவில்லை. ஆகவே பொது இடத்தில் உரக்கப் பேசுகிறவர், பக்கத்தில் இருப்பவரின் மனத்தைத் தம் குடும்ப விஷயத்துக்குக் கூலியின்றி வேலை வாங்குகிறார்.

அதன் கொடுமையை நான் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் அறிந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் என் மூத்த சகோதரருக்குத் துணையாக ஏழு இரவுகள் அங்கே தங்க நேர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு மேல், வலிக்கு ஊசி போட்டு அப்போதுதான் அவர் கண் அயர்ந்திருப்பார். அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்தவர் சொந்தபந்தங்களுக்கெல்லாம் ஒவ்வொருவராகப் பேசித் தம் நோயாளியின் நிலையை அறிவிப்பார். அது முடிந்தால் வந்த வீடியோக்களை வாய்விட்டுப் பாடவிடுவார். என் சகோதரர் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். நானும் எழுந்து போய் அந்த மனிதரிடம் சொல்லவில்லை. அவரும் கவலையில் இருக்கிறார், எப்படிச் சொல்வது என்ற தயக்கம் என்னைத் தடுத்தது. அன்று சொல்லியிருக்க வேண்டும் என்று பின்னர் பலமுறை வருந்தியிருக்கிறேன். ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள் ஆஸ்பத்திரியையும் பள்ளியையும் நீதிமன்றத்தையும் சுற்றி 100 மீட்டர் வரையில் அமைதி மண்டலம் என்று வகுத்து, இரவில் அங்கே 40 டெசிபெல்லுக்கு மேல் போகலாகாது என்று சொல்லுகின்றன. அந்த விதிகளை எழுதியவர்கள் ஒலிபெருக்கியையும் ஹாரனையும் மனத்தில் வைத்து எழுதினார்கள்; கட்டிலுக்குக் கட்டில் ஓர் ஒலிபெருக்கி வந்துவிடும் என்று அன்று யார் நினைத்தார்கள்? 2022-இல் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி இன்று அரியலூரிலேயே இருக்கிறது. அங்கே உறவினருக்குத் துணையாகப் போகிறவர்கள் உங்களிலும் பலர் இருப்பீர்கள். என் சகோதரரின் அந்தப் பார்வையை நினைவில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சட்டத்தார் சும்மா இருந்துவிடவில்லை. 2022 ஜனவரியில் ரயில்வே நிர்வாகம், இரவு 10 மணிக்கு மேல் பெட்டிகளில் கைபேசியில் உரக்கப் பேசுவதும் பாட்டை உரக்க வைப்பதும் கூடாதென்று உத்தரவிட்டது. சகபிரயாணிகளுக்குத் தொல்லை தருவோரைத் தண்டிக்க 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவு முன்பே இருக்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021-இல் அரசு பஸ்களில் கைபேசிப் பாட்டை உரக்க வைப்பதைத் தடுத்தது. மும்பை நகரப் பஸ் நிர்வாகம் 2023-இல் உரக்கப் பேசுவதையே தடுத்தது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, 2022 டிசம்பரில், திருச்செந்தூரைப் பற்றிய வழக்கில் தமிழ்நாட்டுக் கோயில்கள் அனைத்திலும் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி பணித்தது. ஜப்பானிலோ, ரயிலில் கைபேசியை மௌன நிலையில் வைத்துப் பேசாமல் இருங்கள் என்று அறிவிப்புச் செய்கிறார்கள். அனேகமாக எல்லோரும் அப்படியே இருக்கிறார்கள். இந்த உத்தரவுகள் வேண்டியவையே. ஆயினும், பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு போலீஸ்காரரை நிறுத்த முடியாது. டிக்கெட் கிழித்து, சில்லறை தேடி, படியில் தொங்குவோரை உள்ளே அழைத்துக் களைத்துப்போகும் கண்டக்டரின் தலையில் இந்த வேலையையும் சுமத்துவது நியாயமும் அன்று.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழும். அதை நானே எழுப்பிக்கொள்கிறேன். தனி அறையும் மொட்டைமாடியும் உள்ளவர்களுக்கு அந்தரங்கம் எளிது. ஒற்றை அறையில் ஆறு பேர் வாழும் குடும்பத்துப் பெண்ணுக்குத் தாயோடு மனம் விட்டுப் பேச எது இடம்? வேலைக்குப் போகும் பஸ்தான் அவளுக்குக் கிடைத்த அரைமணி நேரம். இந்த மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைக்கிறார்கள். சௌதியின் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி பின்னே ஓடுகிறது. சிங்கப்பூரின் கடிகாரம் இரண்டரை மணி முன்னே ஓடுகிறது. சௌதியில் வேலை முடிந்து, குளித்து, சமைத்து, எட்டரை மணிக்கு மகன் தாயை அழைக்கும்போது இங்கே இரவு மணி பதினொன்று. அவள் அந்நேரம் சென்னைக்குப் போகும் ரயிலில் இருந்தால் ரயில்வேயின் உத்தரவு அவள் குரலைத் தடுக்கிறது. அந்தத் தாயை எடுக்காதே என்று சொல்ல நான் தயாராக இல்லை. எடுக்கட்டும், எழுந்து கதவோரம் போய், மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று சொல்லித் தாழ்ந்த குரலில் பேசட்டும். மகனும் அதைப் புரிந்துகொள்வான். அவன் தங்கியிருக்கும் அறையிலும் எட்டுப் பேர் படுத்திருக்கிறார்கள்.

இல்லாதவர்க்கும் அந்தரங்கம் வேண்டும் என்பதே என் கட்சி. அதனால்தான் பஸ் நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் ரயில் நிலையங்களிலும் பழைய பூத் போல ஒரு மறைவிடம், நாலு பக்கம் பலகை அடித்த ஒரு சிறு இடமாவது, பேசுகிறவர்களுக்கென்று அமைக்க வேண்டும் என்று அதிகாரிகளுக்கு விண்ணப்பம் செய்கிறேன். தாய்மார் பாலூட்டுவதற்கு நம் பஸ் நிலையங்களில் அறை அமைத்த அரசாங்கத்துக்கு இது பெரிய காரியம் அன்று.

மற்றொரு ஆபத்தையும் இளைஞர்கள் தம் வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணையும், ஏ.டி.எம். கார்டின் எண்ணையும், கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யையும் நடுபஸ்ஸில் ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொல்லுகிறவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மறுமுனையில் கேட்பவன் யோக்கியனாகவே இருந்தாலும், பின் ஆசனத்தில் இருப்பவன் யார் என்பது நமக்குத் தெரியாது.

வள்ளுவர் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரமும் பயனில சொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தவர், அவற்றோடு அமையாமல் அவையறிதல் என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். அதைப் புலவர்க்கும் அமைச்சர்க்கும் உரிய அதிகாரம் என்று படித்துவிட்டு நாம் போய்விடுகிறோம். ஐம்பது பேர் ஏறிய பஸ்ஸும் ஓர் அவைதான். அங்கே பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள். சாவு வீட்டுக்குப் போகிறவர் இருக்கிறார். இரவு ஷிப்டு முடிந்து தூங்கிக்கொண்டு வருகிறவர் இருக்கிறார். கைபேசியை எடுக்குமுன் ஒரு கணம் தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தாலே போதும். குரல் தானாகத் தணியும். இதைச் சொல்லித் திருத்தும் பொறுப்பும் பெரியவர்களுடையதே. நம் ஊர் வழக்கத்தில் சிறியவர் பெரியவரிடம் 'மெதுவாகப் பேசுங்கள்' என்று சொல்ல முடியாது. பெண்கள் அறியாத ஆண்பிள்ளையிடம் சொல்ல முடியாது. ஆகையால் தலை நரைத்தவர்கள் முதலில் தாம் குரலைத் தணித்துக்கொண்டு, பிறகு பக்கத்தில் உள்ளவரின் தோளைத் தொட்டு, 'தம்பி, கொஞ்சம் மெதுவா' என்று அன்போடு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி வார்டில் நான் செய்யத் தவறியது அதுதான்.

கூட்டம் முடிந்து உங்களில் பலர் கடைசிப் பஸ்ஸுக்குப் போவீர்கள். வழியில் யாருக்காவது கைபேசி ஒலித்தால், 'பஸ்ஸுல இருக்கேன், எறங்கிக் கூப்பிடுறேன்' என்று நாலு சொற்களில் சொல்லி வையுங்கள். நீங்கள் அழைக்கிறவர்களாக இருந்தால், சொந்த விஷயத்தை எடுக்குமுன், 'எங்க இருக்க, இப்ப பேசலாமா?' என்று முதலில் கேளுங்கள். அந்த அம்மையாரின் தம்பி இன்று பிற்பகல் அதைக் கேட்டிருந்தால், அவர் தம் ஊரில் இறங்கி, ஓர் ஓரமாக நின்று, தம் வியாதியைத் தம் தம்பிக்கு மட்டும் சொல்லியிருப்பார்.